பிரேமன் நகரமன்றம்: சாசனத்துக்கு 240 ஆண்டுகள் முன்பே எழுந்த கட்டடம்

வடஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் அமைந்த பிரேமன் நகரம், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டது, இடையில் வேறு எந்தப் பிரபுவுக்கும் பேராயருக்கும் கட்டுப்பட்டதல்ல என்று உறுதி செய்யும் சாசனத்தை 1646-இல்தான் பெற்றது. பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் அதை லின்ஸ் நகரில் வழங்கினார். ஆனால் அந்த உரிமையை ஊரறியச் சொல்லும் நகரமன்றக் கட்டடத்தை பிரேமன் 1405-இலேயே கட்டத் தொடங்கி, 1410-க்குள் முடித்துவிட்டது. கட்டடத்துக்கும் சாசனத்துக்கும் இடையே ஏறத்தாழ 240 ஆண்டுகள் உள்ளன. சட்டப்படி இன்னும் கைக்கு வராத ஒன்றை ஒரு நகரம் செங்கல்லிலும் மணற்கல்லிலும் எப்படி முன்கூட்டியே நிறுவிக்கொண்டது, அந்தக் கட்டடம் பின்வந்த தலைமுறைகளில் அந்த உரிமைக்கு எப்படிச் சான்றாகவே ஆனது என்பதை ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பழைய ஜெர்மன் நகரமன்றங்களில் அழகானவை பல உண்டு. அரசியல் வழக்கு ஒன்றைத் தன் சுவர்களாலேயே நடத்திய கட்டடம் என்ற வகையில் பிரேமனுக்கு இணையாக நான் எதையும் வைக்க மாட்டேன்.

பேராயரின் பக்கத்து மனையில்

பிரேமனின் வரலாறு திருச்சபையோடு தொடங்குகிறது. ஃபிராங்கிய மன்னர் சார்லமேன் (சார்ல்) காலத்தில், 787-இல், வில்லேஹாட் என்பவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மேடான மணல்திட்டின்மேல் பேராலயம் எழுந்தது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பின்னர் அது பேராயரின் தலைமையிடமாயிற்று. நிலத்துக்கும் நீதிக்கும் வரிக்கும் உரியவர் பேராயரே. ஆற்று வணிகத்தால் செல்வம் சேர்த்த குடிமக்கள் தங்களுக்கென ஒரு மாமன்றம் அமைத்துக்கொண்டு, உரிமைகளை ஒவ்வொன்றாகப் பேராயரிடமிருந்து பெயர்த்தெடுக்க முயன்றார்கள். 1186-இல் பேரரசர் முதலாம் ஃபிரடெரிக், கெல்ன்ஹவுசன் என்னுமிடத்தில் வழங்கிய சாசனம் அந்த முயற்சிக்குக் கிடைத்த முதல் பெரிய ஊன்றுகோல். ஓராண்டும் ஒரு நாளும் நகர எல்லைக்குள் வாழ்ந்துவிட்ட ஒருவர் பண்ணையடிமையாக இருந்திருந்தாலும் சுதந்திரர் ஆவார் என்ற வழக்கை அது உறுதி செய்தது.

மாமன்றத்துக்கு 13-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வீடு இருந்தது. 1229-ஆம் ஆண்டு ஆவணத்தில் அது லத்தீனில் 'தோமுஸ் தியத்ராலிஸ்' என்று குறிக்கப்படுகிறது. அது இன்றைய நகரமன்றம் நிற்கும் இடத்தில் இருக்கவில்லை. சற்றுத் தள்ளி, அன்னை மரியா ஆலயத்தை ஒட்டிய வணிகத் தெருக்களின் பக்கமாக இருந்தது. வணிகர்கள் தங்கள் கடைகளுக்கு நடுவில் கூடிப் பேசிக்கொள்ள அந்த இடம் பொருத்தமானதுதான். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய கட்டடம் எழுப்ப முடிவானபோது மாமன்றம் தேர்ந்துகொண்ட மனையில்தான் அதன் எண்ணம் முழுவதும் வெளிப்படுகிறது. பேராலயத்துக்கு எதிரே, பேராயரின் அரண்மனையான 'பலாட்டியம்' நின்ற மனைக்கு அடுத்தாற்போல் அவர்கள் அடித்தளம் தோண்டினார்கள். நிலவுடைமையாளரின் வாசலுக்குப் பக்கத்திலேயே குடியானவர் மாளிகை எழுப்புவதற்கு நிகரான செயல் அது.

அந்தத் துணிவு திடீரென வந்ததல்ல. 1358-இல் பிரேமன் ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் மீண்டும் சேர்ந்திருந்தது. வேசர் ஆற்றின் கடல்வாய் வரை கப்பல் வழியைத் தன் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளும் முயற்சியில் நகரம் பணத்தையும் ஆட்களையும் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது.

சிலையும் போலிச் சாசனமும்

கட்டடத்தைப் பற்றிப் பேசுமுன், அதற்கு ஓராண்டு முன்னரே சதுக்கத்தில் நிறுத்தப்பட்ட சிலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே விளங்காது. ரோலண்ட் என்பவர் சார்லமேனின் தளபதிகளுள் ஒருவராகப் பாடப்பட்ட வீரர். வடஜெர்மன் நகரங்கள் பலவற்றில், அந்த நகரத்துக்குத் தனி நீதியும் சந்தை உரிமையும் உண்டு என்பதற்கு அடையாளமாக அவர் உருவத்தைச் சந்தை வெளியில் நிறுத்தும் வழக்கம் இருந்தது. பிரேமனிலும் மரத்தால் ஆன ரோலண்ட் ஒன்று நின்றது. 1366-இல் பேராயரின் ஆட்கள் நகருக்குள் புகுந்து அதை எரித்துவிட்டார்கள். அந்தச் சிலை என்ன சொல்கிறது என்பது எதிர்த்தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1404-இல் மாமன்றம் எரிக்க முடியாத ரோலண்டை நிறுத்தியது. ஐந்தரை மீட்டர் உயரக் கல்லுருவம். பின்னால் தாங்கு தூணும் மேலே விதானமும் சேர்ந்து மொத்த உயரம் பத்து மீட்டரைத் தாண்டுகிறது. நகரக் கணக்குப்படி அதற்கான செலவு 170 பிரேமன் மார்க். உருவிய வாளோடு, மார்பில் இருதலைக் கழுகு பொறித்த கேடயத்தோடு, அவர் பேராலயத்தை நேருக்கு நேராகப் பார்த்து நிற்கிறார். கேடயத்தின் விளிம்பில் கீழ்ஜெர்மன் மொழியில் நான்கு வரிகள் ஓடுகின்றன. சார்ல் மன்னரும் பிற இளவரசர்களும் இந்த நகரத்துக்கு மெய்யாகவே அளித்த சுதந்திரத்தை உங்களுக்கு நான் வெளிப்படுத்துகிறேன், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், இது என் அறிவுரை என்பது அவற்றின் பொருள். பேராலயத்தை நிறுவியவரும் சார்லமேன், நகரத்துக்குச் சுதந்திரம் அளித்தவரும் சார்லமேன் என்றால், பேராயருக்கும் குடிமக்களுக்கும் மூலம் ஒன்றே. ஆகவே ஒருவர் மற்றவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர் என்பதுதான் அந்த நான்கு வரிகளின் வாதம்.

இந்த இடத்தில் சங்கடமான ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாதத்துக்குத் துணையாக மாமன்றம் காட்டிய பழஞ்சாசனங்களுள் முக்கியமானவை போலியானவை. 1111-இல் பேரரசர் ஐந்தாம் ஹென்ரி வழங்கியதாகக் காட்டப்பட்ட சாசனம் அவற்றுள் ஒன்று. ரோலண்ட் சிலைக்குப் பேரரசின் சின்னத்தைத் தாங்கும் உரிமை உண்டு என்பது வரை அதில் எழுதிவைத்திருந்தார்கள். அவை 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, நகரத் தலைவர்களுள் ஒருவரான யோஹான் ஹெமெலிங்கைச் சுற்றியிருந்தவர்களால் உருவாக்கப்பட்டவை என்பது வரலாற்றாய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. சிலை, சாசனம், நகரமன்றம் மூன்றும் ஒரே சில ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ ஒரே கைகளிலிருந்து வந்தன. இதைத் தந்திரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் திருமடங்களும் ஆயர்களும் இதே வழியில் சாசனங்களைச் செய்துகொண்டவர்களே. குடிமக்கள் தங்கள் எதிராளியிடமிருந்துதான் அந்தக் கலையைக் கற்றார்கள் என்று நான் கருதுகிறேன்.

செங்கல் மண்டபம்

1405-இல் தொடங்கிய கட்டடம் அமைப்பில் மிக எளியது. 41.5 மீட்டர் நீளமும் 15.8 மீட்டர் அகலமும் கொண்ட நீள்சதுரம், செங்கல் சுவர்கள், மர உத்திர விதானங்கள், கீழே ஒரு மண்டபம், மேலே அதே அளவில் இன்னொரு மண்டபம், நிலத்துக்கு அடியில் வளைவுக் கூரையோடு ஒரு நிலவறை. அறைகளாகப் பிரிக்கும் வழக்கமே அன்று இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று பெரிய வெளிகளே முழுக் கட்டடமும்.

கீழ்மண்டபம் இன்றும் அந்தத் தொடக்கத்தை மிகுதியாக நினைவூட்டும் பகுதி. கனத்த ஓக் மரத் தூண்கள் இரண்டு வரிசையாக நின்று, மண்டபத்தை நீளவாக்கில் மூன்று பத்திகளாகப் பிரிக்கின்றன. தூண்களின் தலையிலிருந்து சாய்கால்கள் கிளம்பி உத்திரங்களைத் தாங்குகின்றன. பூச்சோ பொன்னோ இல்லை. வணிகர்கள் சரக்கு பரப்பி விற்றதும், நாடகங்கள் நடந்ததும் இங்கேதான். மேல்மண்டபத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு தூண்கூடக் கிடையாது. 40 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 13 மீட்டர் உள்ளகலமும் கொண்ட வெளி, தடையின்றி விரிகிறது. உத்திரங்கள் சுவரிலிருந்து சுவருக்கு ஒரே தாவலில் கிடக்கின்றன. கீழே வணிகம், மேலே ஆட்சி. எடையைக் கீழ்த்தளத்துத் தூண்கள் சுமக்க, மாமன்றத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் மறைக்காமல் அமர்வதற்கான இடம் மேலே கிடைத்தது.

வெளியே, சந்தையை நோக்கிய நீண்ட முகப்பில், சன்னல்களுக்கு இடையே ஆளுயரக் கற்சிலைகளை நிறுத்தினார்கள். பேரரசர் ஒருவர், அவரோடு, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற எழுவர். 1356-இன் பொன்முத்திரைச் சாசனம் அந்த எழுவரையும் வரையறுத்திருந்தது. மைன்ஸ், கொலோன், ட்ரியர் பேராயர்கள் மூவர். பொஹேமிய மன்னர், ரைன் பலாட்டின் கோமான், சாக்சனிக் கோமகன், பிராண்டன்பூர்க் எல்லைக்கோமான் ஆகிய நால்வர். குறுகிய பக்கங்களில் தீர்க்கதரிசிகளும் பழங்கால அறிஞர்களும் நின்றார்கள். இந்த வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் யார் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று பேராயர்கள் நிற்கும் அந்த முகப்பில் பிரேமன் பேராயருக்கு இடமில்லை. அவருக்குத் தேர்வுரிமை இல்லாததால் இடமில்லை என்பது எளிய விளக்கம்தான். ஆயினும் பேராயரின் அரண்மனைக்குப் பக்கத்தில் நின்று, உள்ளூர்ப் பேராயர் இல்லாமலேயே நிறைவு பெறுகிற ஆட்சி வரிசை ஒன்றைத் தேர்ந்துகொண்டவர்கள் அதன் பொருளை அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு மேலே பேரரசு, அதற்கு இடையில் எவரும் இல்லை என்பதே அந்த எட்டுச் சிலைகள் சந்தைக்கு வந்துபோனவர்களுக்குச் சொன்ன செய்தி.

அப்போதைய கட்டடம் இன்று காண்பதைவிட முரட்டுத்தனமானது. சுவரின் உச்சியில் கோட்டை மதிலுக்கு உரிய பல்வரிசை இருந்தது. சன்னல்களும் வாசல்களும் கோதிக் பாணியில் கூரிய வளைவுகளாக இருந்தன.

1608: முகம் மாறியது

இருநூறு ஆண்டுகள் கழித்து இந்தச் செங்கல் மண்டபத்துக்குப் புதிய முகம் கிடைத்தது. அந்தப் பணியைச் செய்தவர் லியூடர் ஃபான் பென்தைம். அவரைக் கட்டடக் கலைஞர் என்று மட்டும் சொன்னால் போதாது. கல்தச்சரும், கல் வணிகரும், ஒப்பந்தக்காரரும் ஒருங்கே அவர். பிரேமனின் எடைமண்டபத்தை 1580-களின் இறுதியில் கட்டியவர். நெதர்லாந்தின் லைடன் நகரமன்ற முகப்புக்கான கற்களைச் செதுக்கிக் கப்பலில் அனுப்பிவைத்தவர். வேசர் ஆற்றின் மேல்பகுதியில் ஓபர்ன்கிர்ஷன் மலையில் வெட்டிய வெளிர்நிற மணற்கல் ஆற்று வழியாக பிரேமனுக்கு வந்து, அங்கிருந்து கடல்கடந்து போனது. வெட்டிய ஊரின் பெயரை விட்டு 'பிரேமன் கல்' என்றே வெளிநாடுகளில் அதை அழைத்தார்கள். அந்தக் கல்லின் சந்தையைக் கையில் வைத்திருந்த ஒருவரிடம் மாமன்றம் முகப்பை ஒப்படைத்ததில் வியப்பில்லை.

1608 முதல் 1612 வரை நடந்த வேலையில் பழைய உடம்பை அவர் இடிக்கவில்லை. செங்கல் சுவர் நின்றது. எட்டுச் சிலைகளும் தங்கள் இடத்திலேயே நின்றன. கூரிய சன்னல்களை அகற்றிவிட்டு அகன்ற நீள்சதுரச் சன்னல்களை வைத்தார். சந்தைப் பக்கத்தின் கீழே பதினொரு வளைவுகள் கொண்ட தூண் தாழ்வாரம் அமைந்தது. அந்தப் பதினொன்றில் நடு மூன்றின்மேல் முகப்பை முன்னால் தள்ளி, ஏறத்தாழ முழுதும் கண்ணாடியாலான மாடம் ஒன்றை எழுப்பி, அதன்மேல் படிப்படியாகக் குறுகி உயரும் முகட்டுச் சுவரை வைத்தார். இருபுறமும் சிறிய முகடுகள் இரண்டு. மதிலின் பல்வரிசை மறைந்து அந்த இடத்தில் கல் கைப்பிடிச் சுவர் ஓடியது. 16-ஆம் நூற்றாண்டிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த ஆற்றின் கரைகளில் வளர்ந்த பாணிக்கு வேசர் மறுமலர்ச்சிப் பாணி என்று பெயர். அந்தப் பாணியின் உச்சம் என்று இந்த முகப்பைத் தயங்காமல் சொல்லலாம்.

சிற்ப வேலையின் அடர்த்தியைச் சொல்லி மாளாது. வளைவுகளின் தோள்களில் நற்பண்புகளை உருவகப்படுத்தும் பெண் உருவங்கள் சாய்ந்திருக்கின்றன; அவற்றின் மேலே ஓடும் பட்டையில் மீன்வால் கொண்ட கற்பனை உயிர்கள் நீந்துகின்றன. இவற்றுள் பலவற்றுக்கு மாதிரி, ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் போன்ற நெதர்லாந்துக் கலைஞர்களின் அச்சுப் படங்கள். கற்பட்டறையில் அச்சுத்தாளைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். தாளில் தட்டையாக இருந்ததை மழைநீர் வடிய வேண்டிய வெளிச்சுவருக்காகப் புடைத்தெழச் செய்வது தனித்திறமை. நகலெடுப்பு என்று அதைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல.

தாழ்வாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் தேடிப்பிடிக்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு வளைவின் தோளில் அமர்ந்த பெண்ணுருவின் கையில் கோழியும் அதன் அடியில் ஒண்டிய குஞ்சுகளும் இருக்கின்றன. புகலிடம் தேடிப் படகுகளில் வந்த மீனவக் குடும்பங்கள், மாலை வெயிலில் மணல்திட்டு ஒன்றில் தன் குஞ்சுகளுக்கு இடம் தேடி ஏறிய கோழியைக் கண்டு, அதையே நல்ல சகுனமாகக் கொண்டு அங்கே குடியேறினார்கள்; அதுதான் பிரேமன் என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்தக் கதை ஏட்டில் ஏறியது 19-ஆம் நூற்றாண்டில்தான். சிற்பமோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. காப்பாற்றும் ஆட்சியின் உருவகமாகத்தான் கல்தச்சர் கோழியை வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தவர் அந்தக் கல்லைப் பார்த்து ஊரின் பிறப்புக் கதையை அதில் ஏற்றிச் சொன்னார்கள் என்றே தோன்றுகிறது. பேராயரும் பேரரசரும் இல்லாத, குடியேறிகளும் கோழியும் மட்டுமே உள்ள தோற்றக் கதையை ஊர் விரும்பியது என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்த வேலை நடந்த ஆண்டுகளில் எதிர்ப்புறத்தில் இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் நகரம் சீர்திருத்தப் பிரிவுகளுள் ஒன்றான கால்வினியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னொரு பிரிவான லூத்தரன் பக்கம் நின்ற பேராலயம் 1561-இல் பூட்டப்பட்டு, 1638 வரை திறக்கப்படவேயில்லை. திறந்த அதே ஆண்டின் சனவரி மாதத்தில் அதன் தென்கோபுரம் இடிந்து விழுந்தது. அதாவது, லியூடரின் ஆட்கள் நகரமன்றத்தின் முகத்தில் பொன்னும் கல்லுமாக இழைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே பேராலயம் கதவடைத்துக் கிடந்தது. கண்ணாடி மாடத்துக்குள் ஏற்றிய விளக்கொளி இருண்டு நின்ற ஆலயத்தின் பக்கம் விழுந்த அந்த மாலைகளை எண்ணிப் பார்க்கும்போது, முகப்பு யாருக்காகக் கட்டப்பட்டது என்பது இன்னும் தெளிவாகிறது.

மேல்மண்டபம்

மேல்மண்டபத்துக்குள் நுழைபவரின் கண் முதலில் விதானத்துக்குப் போகும். சார்லமேன் முதல் சிகிஸ்முண்ட் வரையிலான பேரரசர்களின் வட்டப்படங்கள் அங்கே வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே, உத்திரங்களிலிருந்து பெரிய மாதிரிக் கப்பல்கள் நான்கு தொங்குகின்றன. அவற்றுள் பழையது 1545-ஐச் சேர்ந்தது. அவற்றின் சிறு பீரங்கிகளில் வெடிமருந்து திணித்து விருந்து நாட்களில் வெடிக்கவும் முடியும். மரவிதானத்தின் அடியில் வெடி வெடித்து மகிழ்ந்தவர்களின் துணிச்சலை நினைத்தால் மனம் பதறுகிறது. கட்டடம் தப்பியது நம் நல்லூழ்.

சுவரில் 1532-ஆம் ஆண்டுப் பெரிய ஓவியம் ஒன்று உள்ளது. ஒரே குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோர, சாலமோன் மன்னர் தீர்ப்பளிக்கும் காட்சி. இந்த மண்டபத்தில் மாமன்றம் நீதிமன்றமாகவும் அமர்ந்தது என்பதால் அந்தப் படம் அங்கே அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. இன்னொரு சுவரோவியத்தில் சார்லமேனும் வில்லேஹாட் ஆயரும் பேராலயத்தின் சிற்றுருவை நடுவில் ஏந்தி நிற்கிறார்கள். வெளியே கேடயத்தில் எழுதிய அதே வாதம் உள்ளே வண்ணத்தில் தொடர்கிறது. இவற்றுக்கு இடையில் திமிங்கலம் ஒன்றின் படமும் இருக்கிறது. 1669-இல் வேசரின் கிளையாறான லேசும் ஆற்றில் வழிதவறி வந்து கரையொதுங்கியதை ஃபிரான்ஸ் வுல்ஃப்ஹாகன் வரைந்தார். ஊரில் நடந்த வியப்பையும் ஆட்சி மண்டபத்தில் மாட்டிவைத்த அந்தக் குடிமைப் பண்பு என்னை மிகவும் கவர்கிறது.

மண்டபத்தின் நடுப்பகுதியில், கண்ணாடி மாடத்தின் உட்புறமாக, 'பொன்னறை' எனப்படும் சிற்றறை உள்ளது. மண்டபத்தின் பக்கமாகத் தெரியும் அதன் மரவேலைப்பாடு 1616-ஐச் சேர்ந்தது. வாசலும் சுருள்படியும் விரல் இடம்கூட விடாமல் செதுக்கப்பட்டவை. மாமன்றத்தார் தனித்துக் கலந்துபேச ஒதுங்கிய இடம் இது. சுவரில் ஒட்டியிருந்த பொன்முலாம் பூசிய தோலால் இந்தப் பெயர் வந்தது. அந்தத் தோல் காலப்போக்கில் அழிந்துவிட்டது. 1905-இல் அறையின் உட்புறத்தைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு, அருகிலுள்ள வோர்ப்ஸ்வேடே கலைஞர் கிராமத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் ஃபோகலரிடம் வந்தது. 'யூகன்ட்ஸ்டில்' என்னும் அக்காலப் புதுப்பாணியில் தோல்சுவர், கணப்பின் கம்பித்தட்டி, விளக்கு, கதவின் கைப்பிடி வரை எல்லாவற்றையும் ஒரே கையின் கோட்டில் அவர் வரைந்தார். பழைய தோலைப் போலச் செய்யாமல் தன் காலத்தின் கோட்டையே அவர் பயன்படுத்தியதால், 1616-இன் மரத்துக்குள் 1905-இன் அறை, ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமல் அமர்ந்திருக்கிறது. பழைய கட்டடத்தில் கை வைப்போர் ஊன்றிப் பார்க்க வேண்டிய பணி இது. ஃபோகலர் பின்னாளில் சோவியத் நாட்டுக்குக் குடிபெயர்ந்து 1942-இல் கசகஸ்தானில் இறந்தார்.

நிலவறை

கட்டடத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி நிலத்தின் அடியில் இருக்கிறது. நகரில் வெள்ளைத் திராட்சை மது விற்கும் தனியுரிமையைப் பல நூற்றாண்டுகள் மாமன்றமே வைத்திருந்தது. அந்த விற்பனை நடந்த இடம் நகரமன்றத்தின் நிலவறை. ஆட்சி மேலே, வருவாய் கீழே. இன்று அது உணவகமாக நடக்கிறது. ஜெர்மன் மதுவகைகள் மட்டுமே அங்கு வழங்கப்படும். பன்னிரு திருத்தூதர்களின் பெயர் தாங்கிய பீப்பாய்கள் ஒரு தனி அறையில் இருக்கின்றன. அதற்கு அடுத்த 'ரோஜா அறை'யில் 1653-ஆம் ஆண்டின் ரியூடஸ்ஹைம் மது பீப்பாயிலேயே இன்றும் உள்ளது. ஜெர்மனியில் பீப்பாயில் உள்ள மதுவில் மூத்தது அதுதான். விதானத்தில் தீட்டிய ரோஜாவின் கீழ் பேசுவது வெளியே போகக்கூடாது என்பது பழைய மரபு.

உரிமை சோதனைக்கு உள்ளான காலம்

லின்ஸ் சாசனம் 1646-இல் வந்தது. அதற்காக நகரம் பெருந்தொகை கொடுத்தது. ஈராண்டுக்குள், முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலிய உடன்படிக்கை பேராயரின் நிலங்களை சுவீடனுக்கு வழங்கிவிட்டது. சுவீடன் நகரத்தின் சாசனத்தை ஏற்க மறுத்து, 1654-இலும் 1666-இலும் படையெடுத்தது. பிரேமன் தாங்கி நின்றது. 1666 நவம்பரில் ஹாபன்ஹவுசனில் சமாதானம் ஏற்பட்டது. பின்னர் அந்த நிலங்கள் அண்டை ஜெர்மன் அரசான ஹனோவருக்குக் கைமாறின. ஹனோவர் நகரத்தின் உரிமையை 1741-இல்தான் முழுமையாக ஒப்புக்கொண்டது. ஆக, கட்டடம் சொன்னதை சுற்றியிருந்த எல்லோரும் ஏற்றுக்கொள்ள 330 ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

பக்கத்து மனையின் கதை அதற்கும் பின்னர்தான் முடிகிறது. பேராலயமும் அதைச் சூழ்ந்த வளாகமும் பேராயரின் வாரிசுகளான சுவீடனிடமும் ஹனோவரிடமும் இருந்தன. நகரின் நட்டநடுவே அந்நிய ஆட்சியின் தீவாக அது கிடந்தது. 1803-இல் ஜெர்மன் நிலங்கள் மறுபங்கீடு செய்யப்பட்டபோதுதான் அந்த வளாகம் நகரத்தின் கைக்கு வந்தது. பேராயரின் அரண்மனையை முதலில் நகர அலுவலகமாக மாற்றிக் கட்டினார்கள். நூறாண்டு கழித்து அதையும் அகற்றிவிட்டு, 1909 முதல் 1913 வரை அந்த மனையில் புதிய நகரமன்றத்தை எழுப்பினார்கள். போட்டியில் தேர்வான மியூனிக் கலைஞர் கேப்ரியல் ஃபான் சைடல் அதை வடிவமைத்தார். பழைய கட்டடத்தைவிடப் பெரிதான ஒன்றை அதன் முதுகில் ஒட்டிக் கட்ட வேண்டிய கடினமான பணி. சதுக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் பழைய முகப்பே முதன்மையாகத் தெரியும்படி அவர் தன் கட்டடத்தை அடக்கி வாசித்திருக்கிறார். 1405-இல் அண்டை வீட்டாரோடு போட்டியிட்டுத் தொடங்கிய கட்டடம், ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அந்த அண்டை மனையையும் தனதாக்கிக்கொண்டது.

நெப்போலியன் காலத்தில் 1811 முதல் 1813 வரை பிரேமன் ஃபிரான்சின் ஒரு மாவட்டத் தலைநகராக இருந்ததும், நாஜி ஆட்சியில் தன்னாட்சியை இழந்ததும் இந்தக் கட்டடத்தின் கதையில் இடைவெளிகள். இரண்டாம் உலகப் போரில் நகரத்தின்மேல் 173 வான்தாக்குதல்கள் நடந்தன. நகரத்தின் பாதிக்கும் மேல் அழிந்தது. சதுக்கத்தைச் சூழ்ந்த வீடுகள் பல எரிந்து விழுந்தும் நகரமன்றம் பெருஞ்சேதமின்றித் தப்பியது. ரோலண்டைச் சுற்றி முன்கூட்டியே சுவர் எழுப்பி மூடிவைத்திருந்தார்கள். ரோலண்ட் நிற்கும் வரை பிரேமனின் சுதந்திரம் நிற்கும் என்பது ஊரின் நம்பிக்கை. போருக்குப் பின் நகரம் அமெரிக்கரின் பொறுப்பில் வந்தது. வில்ஹெல்ம் கைசன் தலைமையில் மீண்டெழுந்து, 1947-இல் மறுபடி தனி மாநிலமாயிற்று. இன்றும் ஜெர்மனியின் பதினாறு மாநிலங்களில் மிகச் சிறியது அதுவே. அதன் ஆட்சித் தலைவரின் அலுவலகம் இந்த நகரமன்றத்தில்தான் இருக்கிறது.

பயன்பாட்டில் இருப்பது

2004-இல் யுனெஸ்கோ நகரமன்றத்தையும் ரோலண்ட் சிலையையும் ஒரே பதிவாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் சேர்த்தே பதிந்தது மிகச் சரியான முடிவு. பட்டியலில் ஏறிய பல கட்டடங்களைப் போல இது காட்சிப் பொருளாக உறைந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை மேல்மண்டபத்தில் 'ஷாஃபர்மால்' என்னும் விருந்து நடக்கிறது. பனி உருகி ஆறு திறக்குமுன், கடலுக்குப் புறப்படவிருக்கும் கப்பல் தலைவர்களுக்கு வணிகர்கள் கொடுத்த வழியனுப்பு விருந்தின் தொடர்ச்சி அது. நலிவுற்ற மாலுமிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவ 1545-இல் தோன்றிய 'ஹவுஸ் ஸேஃபார்ட்' என்னும் அறக்கட்டளை அதை நடத்துகிறது. விருந்தில் திரளும் நன்கொடை அந்தப் பணிக்கே போகிறது. அந்த அறக்கட்டளை பிறந்த ஆண்டும் விதானத்தில் தொங்கும் மூத்த கப்பலின் ஆண்டும் ஒன்றே.

ரோலண்டின் இரு முழங்கால் கவசக் கூர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 55 செ.மீ. அதுவே பிரேமனின் பழைய முழ அளவு என்றும், துணிக்காரர் குறைத்து அளந்ததாக ஐயம் எழுந்தால் சந்தைக்கு வந்தவர்கள் அங்கே வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்கள் என்றும் ஊரில் சொல்வதுண்டு. பேராயருக்கு எதிரான அரசியல் அறிக்கையாக நின்ற சிலை, அன்றாடம் ஒரு முழத் துணிக்கும் சாட்சியாக நின்றது என்றால், அது குடிமக்கள் கையில் எப்படி நிலைத்தது என்பது புரியும்.

மணற்கல் காலத்துக்கு முழுவதும் தாங்கவில்லை. நகரக் காற்றும் மழையும் அரித்ததால், முகப்பில் இருந்த பேரரசரும் தேர்வாளர் எழுவரும் உள்ளே எடுத்துச் செல்லப்பட்டு, அவர்கள் நின்ற இடங்களில் நகல்கள் வைக்கப்பட்டன. ரோலண்டின் தலையும் 1983-இல் அவ்வாறே மாற்றப்பட்டது. சதுக்கத்தில் பேராலயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் இப்போது நகல். 1404-இல் செதுக்கிய முகம், நகரின் ஃபோக்கே அருங்காட்சியகத்தில், அந்தப் பேரரசரும் எழுவரும் இருக்கும் அதே கூரையின் கீழ் இருக்கிறது.